தெருவில் படகு, படகில் தூண்டில்

மீன்பிடி உல்லாசப் பயணம் என்பது, மேலை நாட்டு நூல்களில் காணப்படும் பொருளில், பணமும் ஓய்வும் வாய்த்த ஒருவர் முன்கூட்டியே நாள் குறித்து, படகை வாடகைக்கு அமர்த்தி, தூண்டிலும் தொப்பியுமாக நீர்நிலையைத் தேடிச் செல்வதைக் குறிக்கும். சென்னையின் மேற்குப் புறநகரில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட ரயில் நிலையமான அண்ணனூரிலும் அதன் அண்டை ஊர்களிலும் இவ்வழக்கம் தலைகீழாக நடைபெறுகிறது. அங்கு நாளைக் குறிப்பது வானிலை மையம். விடுமுறையை வழங்குவது மாவட்ட ஆட்சியர். படகு தானாகவே வாசலுக்கு வருகிறது. நீர்நிலையோ அதற்கு முந்தைய இரவே வீட்டுக்குள் வந்து அமர்ந்துவிடுகிறது. பயணி செய்ய வேண்டியதெல்லாம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் காத்திருப்பது மட்டுமே.

இப்பயணத்தின் பருவத்தை முதலில் வரையறுத்தல் வேண்டும். தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும் வழங்கினர். சென்னையில் பனி என்பது விடியற்காலையில் ஸ்கார்ப் கட்டிக்கொள்வதற்கான ஒரு சாக்கு என்ற அளவிலேயே நின்றுவிடுவதால், அந்நகரத்தின் உண்மையான குளிர்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழையே என்று கொள்வதில் தவறில்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதியை இம்மூன்று மாதங்களே கொண்டுவந்து கொட்டுகின்றன. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதற்கும் அடங்காமல் டிசம்பர் 1 அன்று பெய்த மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் என்ற அளவைத் தொட்டது. அவ்வாண்டின் அரையாண்டுத் தேர்வுகள் 2016 ஜனவரிக்குத் தள்ளிப்போடப்பட்டன என்பது, வெள்ளத்தின் தீமைகளைப் பட்டியலிட்ட பெரியவர்கள் எவரும் குறிப்பிட மறந்த ஒரு நன்மையாகப் பள்ளி மாணவர்களிடையே இன்றும் நினைவுகூரப்படுகிறது.

மழை விடுமுறை என்பது தமிழ்நாட்டில் நன்கு வேரூன்றிய ஒரு நிர்வாக ஏற்பாடு ஆகும். மாவட்ட ஆட்சியர் அதிகாலையில், பெரும்பாலும் தாய்மார்கள் டிபன் பாக்ஸ் கட்டி முடித்த பிறகு, பள்ளிகளுக்கு அன்று விடுமுறை என்று அறிவிப்பார். அறிவிப்பு வெளியான அரை மணி நேரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும் என்பது எழுதப்படாத விதி. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் புயல் எச்சரிக்கைப் பிரிவில் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வு பெற்ற எஸ். ஆர். ரமணன், தொலைக்காட்சியில் தோன்றி அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை நிதானமாக வாசிக்கும்போது, திரைநட்சத்திரங்களுக்கும் கிட்டாத ஒரு பயபக்தியை மாணவ சமுதாயத்திடமிருந்து பெற்றார். அவர் சொன்ன மழையை ஆட்சியர் எவ்வாறு எடுத்துக்கொள்வார் என்பதே அக்காலத்துக் குழந்தைகள் ஈடுபட்ட ஒரே அரசியல் விவாதம்.

அடுத்து, நீர் எங்கிருந்து வருகிறது என்பது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பரில் வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது என்னும் செய்தி ஊரெங்கும் பரவியதால், மேற்குப் புறநகரிலும் எந்தத் தெருவில் எந்த மீன் தென்பட்டாலும் அது செம்பரம்பாக்கத்து மீன் என்று பெருமையுடன் சொல்லப்படுவது உண்டு. இது ஏற்கத்தக்கதன்று. செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் இறங்குவது. அண்ணனூருக்கு அதனோடு கொடுக்கல் வாங்கல் ஏதும் இல்லை. அப்பகுதியின் நீர் வேறு கணக்கைச் சேர்ந்தது. தொண்டை மண்டலத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஓர் ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியாக, அதாவது கரையில் ஓரிடத்தில் உயரத்தைக் குறைத்துக் கல் பாவிக் கட்டப்பட்ட வழிவிடு பகுதியின் வழியாக, மிகைநீர் வெளியேறிக் கால்வாயில் ஓடி அடுத்த ஏரியைச் சேரும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் ரெட்டேரிக்கும் நீர் போவது இந்த ஏற்பாட்டின்படியே. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி தன் மிகைநீரைக் கூவத்தில் சேர்க்கிறது. இந்த ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் இடையில் கிடந்த வயல்கள் மனைகளாயின, மனைகள் நகர்களாயின, நகர்கள் யாவும் ஏதேனும் ஒரு தெய்வத்தின் பெயரையோ தலைவரின் பெயரையோ தாங்கின. பெயர் மாறிய செய்தி நீருக்கு எவராலும் தெரிவிக்கப்படவில்லை. ஆதலால் அது இன்றும் பழைய முகவரியிலேயே வந்து சேர்கிறது. தன்னோடு ஏரியின் மீன்களையும் அழைத்து வருகிறது.

படகின் வரலாறு இதனினும் சுவையானது. முடிச்சூர், கோட்டூர்புரம் முதலிய இடங்களில் 2015இல் வீடுகள் மூழ்கியபோது, கடலோரக் குப்பங்களைச் சேர்ந்த மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து, அரசு இயந்திரம் ஆவணம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்களைத் தேடி மீட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இதே வேலையைச் செய்த கேரள மீனவர்களை அம்மாநில முதலமைச்சர் பினராயி விஜயன் கேரளத்தின் சொந்தப் படை என்று பாராட்டினார். அதற்கும் முன்னதாக, 2015 நவம்பர் மழையின்போது, செல்பேசிச் செயலி வழியாகக் காரை வரவழைக்கும் ஓலா நிறுவனம் சென்னையில் கட்டணமின்றிப் படகுகளை இயக்கி, அவற்றை வலிக்கத் துடுப்பு வீரர்களையும் மீனவர்களையும் அமர்த்தியது. கார் கேட்டால் பத்து நிமிடம் என்று சொல்லி நாற்பது நிமிடம் காக்கவைக்கும் ஓட்டுநர்களைப் பார்த்துப் பழகிய நகரவாசிக்கு, ஓட்டுநரே நீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசற்படி வரை வந்தது ஏற்பட்ட துயரத்துக்கிடையிலும் ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு முரணைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது இயலாது. அண்ணனூரை அடுத்த ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-90 பீரங்கி வண்டிகள் செய்யப்படுகின்றன. அவ்வண்டியில் காற்றுக்குழாயைப் பொருத்திவிட்டால் 5 மீட்டர் ஆழமுள்ள ஆற்றையும் அடித்தரையிலேயே உருண்டு கடந்துவிடும். அதைச் செய்துதரும் ஊரில் முழங்கால் அளவு நீரைக் கடக்க ஊழியர் ஒருவர் தண்ணீர் டிரம்முகளைக் கயிற்றால் பிணைத்து மிதவை கட்ட நேர்வது பாதுகாப்புத் துறையின் குறையன்று எனினும், கவனிக்கத்தக்கது.

பயணத்தின் செயல்முறையை விளக்க, தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை மாதிரியாகக் கொள்ளலாம். படகு வாசலுக்கு வந்ததும் முதலில் ஏற்றப்படுவது மனிதர் அல்லர். பாலித்தீன் உறைகள் மூன்றனுக்குள் பொதியப்பட்ட ஒரு மஞ்சள் பை ஆகும். அதனுள் வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் பிறருக்குத் தெரியாமல் வைக்கப்பட்ட இரண்டு வளையல்கள் ஆகியன இருக்கும். படகில் ஒரே ஒரு மிதவைச் சட்டை இருந்தால், அதை எவர் அணிவது என்ற விவாதம் நீண்டு, இறுதியில் அது இப்பைக்கே அணிவிக்கப்படுவதும் உண்டு. அடுத்து ஏறுபவர் பாட்டி. அவர் இட்லி மாவுப் பாத்திரத்தை விட்டுவிட்டு வர இசையமாட்டார். "பெரியம்மா, நடுவுல குந்துங்க, ஓரத்துக்கு வராதீங்க" என்று படகோட்டி கெஞ்ச, "நீ ஓட்டுப்பா, மாவு சாயாம நான் பாத்துக்கறேன்" என்று அவர் தம் தரப்பை எடுத்துரைப்பார். குடும்பத் தலைவர் கடைசியில் ஏறுவார்; ஏறுமுன், மூழ்கிக் கிடக்கும் தம் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் கண்டு, அதை ஒருமுறை துடைத்துவிட்டு வருவார்.

காசிமேட்டிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வந்த படகோட்டிக்கு அலையும் நீரோட்டமும் கைவந்தவை. கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்துக் கடலில் இடம் கணிக்கும் அறிவு அவருக்கு உண்டு. புறநகரத் தெருவில் அவ்வறிவு பயன்படுவதில்லை. இங்குள்ள ஆபத்துகள் கார்களின் கூரைகள், கேட்டுகளின் ஈட்டிமுனைக் கம்பிகள், மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகள், தலைக்கு நேரே தொங்கும் கேபிள் டிவி ஒயர்கள் ஆகியவை. ஆதலால் பாதி வழியில் தலைமை கைமாறிக் குடும்பத் தலைவர் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், எழுந்து நின்று வழிகாட்டத் தொடங்குவார்: "தம்பி, மாவு மில்லாண்ட லெஃப்ட்ல போங்க, டிரான்ஸ்பார்மர் பக்கம் போவாதீங்க, பிள்ளையார் கோயில்கிட்ட மேடு இருக்குது." தம் அலுவலகத்தில் எவரும் செவிமடுக்காத ஒரு மனிதரின் ஆணைக்கு ஒரு கலம் முழுவதும் கட்டுப்படுவது அவர் வாழ்வில் அதுவே முதன்முறையாக இருக்கலாம். தெருமுனையில் படகின் அடிப்பாகம் கரகரவென்று உரசி நிற்கும். எவரிடமும் அனுமதி பெறாமல் தெருவாசிகளே எழுப்பிய வேகத்தடை அது. கோடையில் ஆட்டோவின் அடிவயிற்றை உரசிய அதே கறாருடன் இப்போது படகையும் உரசுகிறது.

மீன்பிடித்தல் இந்த நிறுத்தத்தில்தான் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், தேர்வு தள்ளிப்போன மகிழ்ச்சி முகத்தில் தெரியாதவாறு காத்துக்கொண்டே, சட்டைப் பையிலிருந்து நைலான் நூலை எடுப்பான். முறையான தூண்டிலுக்கு முள், நூல், ஈயக் குண்டு, தக்கை என நான்கு உறுப்புகள் வேண்டும். தக்கை என்பது நீர்மேல் மிதந்து, மீன் இரையைக் கவ்வியதும் அமிழ்ந்து காட்டும் மிதப்பு ஆகும். இங்கே ஈயக் குண்டுக்குப் பதிலாகச் சைக்கிள் நட்டும், தக்கைக்குப் பதிலாகப் புதிய டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல் துண்டும் அமையும். இரைக்குச் சப்பாத்தி மாவு ஏற்றது. எனினும் அன்று வீட்டில் இருப்பது இட்லி மாவு மட்டுமே என்பதாலும், அது முள்ளில் நிற்காது என்பதாலும், மண்ணிலிருந்து வெளியேறிச் சுவரில் ஒண்டியிருக்கும் மண்புழுக்கள் பயன்படுத்தப்படும். தொழில் தெரிந்தவர்கள் இந்தப் பாடெல்லாம் படுவதில்லை. அவர்கள் சிறுபாலத்தின் வாயில் வீச்சு வலையுடன் விடியற்காலையிலேயே நின்றிருப்பார்கள். வலையற்றோர் படுக்கையறைக் கொசுவலையை இருபுறமும் பிடித்துக்கொண்டு தெருவை அரிப்பர். கொசுவைத் தடுப்பதில் தோற்ற அவ்வலை மீனைத் தடுப்பதில் ஓரளவு வெற்றி பெறுகிறது.

அகப்படும் மீன்களில் பெரும்பான்மை ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, எந்த நீரிலும் எந்த உணவிலும் குறைசொல்லாமல் பெருகும் இயல்பினால் நாடெங்கும் பரவிற்று. புறநகரின் ஏரி நீரில் வாழ அத்தகைய மனப்பக்குவம் தேவை. கெளுத்தி அடுத்தது, அதன் மார்புத் துடுப்பு முள் விரலில் ஏறினால், பிடித்தவர் மீனை விட்டுவிட்டுத் தம் விரலைப் பிடித்துக்கொள்வார். விரால் மதிப்பு மிக்கது. செவுளோடு கூடக் காற்றைச் சுவாசிக்கும் துணையுறுப்பும் அதற்கு இருப்பதால், ஒரு மழைப்பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குச் சேற்றில் ஊர்ந்தே போய்விடும். உடல் முழுதும் கவசம் பூண்டாற்போல் செதில் அடுக்கிய கறுப்பு மீன் ஒன்றும் சில நேரங்களில் வரும்; தென் அமெரிக்காவைச் சேர்ந்த அந்தச் சக்கர் மீன், தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று அலங்கார மீன் வளர்ப்போர் வாங்கி, வளர்ந்து பெருத்ததும் ஏரியில் விட்டுவிட்டதன் வாரிசு ஆகும். அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற கொளத்தூர் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் அதன் வருகையில் வியப்பில்லை. தெருப்பூனை அதை முகர்ந்து பார்த்து, பசியோடிருப்பதே மேல் என்று முடிவுசெய்வதிலும் வியப்பில்லை.

மீன் இருக்குமிடம் பற்றிய ஐயம் எழுந்தால் தரங்கம்பாடி ஆதாரம் துணை நிற்கும். அங்கே டேனியரிடம் பணியாற்றிய லெப்டினன்ட் டால்டார்ஃப், 1791 நவம்பரில், குளத்தருகே நின்ற ஒரு பனைமரத்தின் பட்டை வெடிப்பில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், மேலும் ஏற முயன்றுகொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. பனையேறிக் கெண்டை எனப்படும் அம்மீன் செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் நகர்வது மெய்; மரமேறுவது குறித்து அறிஞர்கள் இன்னும் தயங்குகின்றனர். அம்மீன் ஏறியதும் அதே வடகிழக்குப் பருவமழையில்தான் என்பதை நோக்கும்போது, கார்த்திகை மாதத்தில் முதல் மாடிக் குளியலறையில் மீன் கண்டதாக அண்ணனூரில் ஒருவர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று உடனே ஒதுக்கிவிடாமல், லின்னேயன் சங்கம் டால்டார்ஃபுக்குக் காட்டிய மரியாதையையேனும் காட்டுவது முறை.

பிடித்த மீன் எவருக்கு உரியது என்பது சட்டத்தின்பாற்பட்ட வினா. ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை ஏலத்தின் வழியாகக் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரர் குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு, பெருக்கும் வேளையில் கலங்கல் பாய்ந்து மீனெல்லாம் தெருவுக்குப் போய்விடுகிறது. திருட்டுக் குற்றத்தை விளக்கும் சட்ட நூல்கள், தப்பிச் செல்ல இயலாத நீரில் அடைபட்ட மீன் அந்நீரை வைத்திருப்பவரின் உடைமையில் உள்ளது என்றும், விரும்பியபடி நீந்திப் போகக்கூடிய நீரில் உள்ள மீன் எவர் உடைமையிலும் இல்லை என்றும் பிரித்துக் காட்டுகின்றன. தெருவில் நீந்தும் விரால் இரண்டாம் வகை என்பதில் ஐயமில்லை. அது சுற்றுச்சுவருக்குள் நுழைந்து, கேட்டும் சாத்தப்பட்டு, நீர் வடியத் தொடங்கினால் முதல் வகைக்கு மாறுகிறதா என்பதும், மாறினால் அது வீட்டு உரிமையாளருக்கா வாடகைக்குக் குடியிருப்பவருக்கா என்பதும் வாடகை ஒப்பந்தங்களில் இன்னும் சேர்க்கப்படவில்லை. வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதிலேயே அவ்வொப்பந்தங்கள் முடங்கிக் கிடக்கின்றன.

உண்ணலாமா என்னும் வினாவுக்கு விடை சுருக்கமானது: கூடாது. வெள்ள நீரில் ஏரியும் கழிவுநீர்த் தொட்டியும் தொழிற்பேட்டையும் ஒன்றாகக் கலந்துள்ளன. எலிக்காய்ச்சல் அச்சம் வேறு. ஆயினும் மீன் குழம்பின் மணம் ஏதேனும் ஒரு மாடியிலிருந்து வரத்தான் செய்யும். 2015 டிசம்பர் 2 அன்று, ஊழியர்கள் அச்சகம் சென்று சேர இயலாமையால், 1878இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழ் தன் வரலாற்றில் முதன்முறையாகச் சென்னையில் அச்சாகவில்லை. அன்று மீன் பிடித்தவர்கள் அதைச் சுற்றி எடுத்துச்செல்ல முந்தைய நாள் தாளையே பயன்படுத்த வேண்டியதாயிற்று என்று ஊகிப்பதில் பிழையில்லை.

இப்பயணம் ஒருமுறை நிகழ்ந்து ஓய்ந்ததன்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையைக் கடக்குமுன் சென்னைக்கு அருகே மெதுவாக நகர்ந்து கொட்டித் தீர்த்தபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் நின்றது; காரப்பாக்கத்தில் நடிகர்கள் விஷ்ணு விஷாலும் அமீர் கானும் மீட்புப் படகில் அமர்ந்திருந்த படம் நாடெங்கும் சுற்றியது. கோடிகளில் ஊதியம் பெறுவோரும் இட்லி மாவுப் பாட்டியும் ஒரே வகைப் படகில், ஒரே வகை ஆரஞ்சுச் சட்டையில், கட்டணமின்றி ஏறும் வாய்ப்பு வேறெந்த உல்லாசத் துறையிலும் இல்லை. பருத்திப்பட்டு ஏரியிலோ, 2019இல் திறக்கப்பட்ட பசுமைப் பூங்காவில், படகில் ஏறச் சீட்டு வாங்க வேண்டும். தூண்டிலுடன் ஏற விடமாட்டார்கள். கார்த்திகை வரை பொறுத்திருப்பவருக்கு இவ்விரண்டு தடையும் இல்லை.

மேற்குப் புறநகரில் வீடு வாங்க எண்ணுவோர் வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல், நிலத்தின் புல எண்ணைக் கொண்டு அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்துவிட வேண்டும். அ-பதிவேடு என்பது ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு. அதன் நகலை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அடுத்த மனைக்கு நேரே ஓடை என்றோ வாய்க்கால் என்றோ ஏரி உள்வாய் என்றோ எழுதியிருப்பின், விற்பவர் எத்தனை முறை இது மேட்டுப் பகுதி என்று சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம். அவ்வளவுக்கும் பிறகு வாங்கியே தீருவது என்றால், முதல் மாடியாகப் பார்த்து வாங்குக.